முழுப் பேரும் சொல்லி முடிக்கும் வரை

டிசம்பர் 1, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட சேலை எதுவும் காயவில்லை. நேற்றுக் கட்டியதையே கட்டிக்கொண்டு வேலைக்கு.

போனதும் புது மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். துரைசாமி அண்ணன் ரிட்டயர் ஆனதிலிருந்து ரைட்டர் வேலை யாருக்கு என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. பதினோரு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகைப் பதிவுக்கான செக்ரோல் எழுதியவள் நான். காப்பிப் பழம் பறிக்க வருகிறவர்கள் ஐம்பத்து நான்கு பேர். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் எடை போடும் கொட்டகையில் ஒரு தடவை, அண்ணன் பேர் கூப்பிடுவார். நான் வந்தவர், வராதவர் குறிப்பேன். அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். ராகம் போட்டுப் படிக்கிற மாதிரி முடித்துவிடுவார்.

மேனேஜர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ரைட்டர்னா பேர் கூப்பிடணும். உங்களுக்கு அது... கஷ்டம். பேசாம ஸ்டோருக்கு மாறிக்கோங்க. அங்க யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல."

யார்கிட்டயும் பேச வேண்டியதில்லை. ஏதோ பரிசு கொடுக்கிற முகம்.

பேச வேண்டாம் என்று நான் எப்போது கேட்டேன்? அதைத்தான் கேட்க வாயைத் திறந்தேன். "பே... பே... பே..." அதற்கு மேல் வரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். நான் அவர் மேஜைப் பேனாவை எடுத்து அவருடைய தாளிலேயே எழுதினேன்: பேர் நான் கூப்பிடுகிறேன்.

"சரி. இந்த மாசம் பாக்கலாம். ஆனா பறிப்பு சீசன். லேட்டானா எனக்குக் கஷ்டம்."

இனி இந்த நோட்டில் அவர் வெறும் மே. முழு வார்த்தைக்கு மை வீண்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அந்தோணி, என் வீட்டுக்காரர், மஞ்சக்குட்டைக்கும் ஒண்டிக்கடைக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறார். நல்ல மனுஷன். அதுதான் பிரச்சினை. நான் "ஸ்டோ..." என்றதும், "ஸ்டோருக்கு மாத்தறாங்களா? நல்லதுதான பிலோ, நிம்மதியா இருக்கலாம்" என்றார். நான் சொல்ல வந்தது அது இல்லை. இருபத்திரண்டு வருஷமாக என் வாக்கியங்களை அவர்தான் முடிக்கிறார். பாதிக்கு மேல் தப்பாக.

சாதம் குழைந்துவிட்டது. வேண்டுமென்றே அப்படியே போட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

முதல் நாள்.

திக்குகிறவர்களுக்குப் பேர்தான் நரகம். மற்ற வார்த்தை வரவில்லையென்றால் வேறு வார்த்தைக்குத் தாவலாம். "பருப்பு" வராமல் உளுந்து வாங்கிக்கொண்டு வந்த நாட்கள் எத்தனையோ. பேருக்கு மாற்று ஏது? பாப்பாத்தி பாப்பாத்திதான்.

மற்றதிலும் தடுக்கும், ஆனால் எனக்கு அறவே வராத எழுத்துகள்: ப, க, த. பட்டியலில் ப-வில் தொடங்குகிறவர்கள் பதினொன்று. க, ஒன்பது. என் பேர் பிலோமினா. அதுவும் ப. பேர் வைத்த ஃபாதரை என்ன சொல்வது.

மூன்றாவது பேரிலேயே மாட்டிக்கொண்டேன். "க்... க்... க்..." பின்னாலிருந்து யாரோ இருமுகிற மாதிரி செய்தார்கள். சிரிப்பு. உடனே ராமாயி, "காளியம்மா, உன்னையத்தான்டி!" என்று எடுத்துக் கொடுத்தாள். ராமாயி இந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. சொந்தமாகக் கொஞ்சம் நிலம், நாலு ஆரஞ்சு மரம், நாற்பது பேருக்கான வாய்.

அதன் பிறகு எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. முதல் எழுத்திலேயே ஆளாளுக்கு ஊகித்து, "இருக்கேனுங்க, இருக்கேனுங்க." ப் என்றால் மூன்று பேர் ஒன்றாக. நான் குனிந்து குறித்துக்கொண்டே போனேன். யார் எதற்குச் சொன்னார்கள் என்று தெரியாது. குறித்தேன். முடிந்தால் போதும் என்று குறித்தேன்.

பத்தொன்பது நிமிஷம். மே. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ராமாயி போகிற போக்கில்: "ஏனுங்க ரைட்டரம்மா, நாங்களே எங்க பேரச் சொல்லிக்கிறோமுங்க. நீங்க எதுக்கு நொம்பச் சிரமப்படறீங்க?"

இரக்கம். அறைந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

டிசம்பர் 3, புதன்

மழை விட்டது. குளிர்.

சோப்பு, தேங்காயெண்ணெய், கேஸ் புக் பண்ண வேண்டும் (அவரைப் பண்ணச் சொல்ல வேண்டும், போனில் நான் பேசினால் எதிர்முனையில் வைத்துவிடுகிறார்கள்).

ஷாலினி சேலத்திலிருந்து கூப்பிட்டாள். நர்சிங் இரண்டாம் வருஷம். "அம்மா, நீ இனிமே ரைட்டராமா? அப்பா சொன்னாரு. சூப்பர்மா." அவளுக்கு ஒன்று இதுவரை தெரியாது. அவள் பிறந்தபோது அந்தோணி, பிரின்சி என்று வைக்க ஆசைப்பட்டார். நான்தான் ஷாலினி என்று அடம்பிடித்தேன். அழகான பேர் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை, 'ஷ' எனக்குத் திக்காது. என் பிள்ளையைக் கூப்பிட என்னால் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

எழுதும்போதே கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

காலை 17 நிமிஷம். சாயங்காலம் 18.

டிசம்பர் 5, வெள்ளி

சாயங்காலம் பக்கத்து வீட்டில் ஜெபமாலை. போக மனமில்லை, போனேன்.

கூட்டத்தோடு ஜெபம் சொல்லும்போது எனக்குத் திக்காது. ஒரு எழுத்துகூட. பத்துப் பேர் குரலோடு என் குரல் சேர்ந்தால் தண்ணீர் மாதிரி ஓடும். தனியாக நடத்தச் சொன்னால் அதே ஜெபம், அதே வார்த்தை, தொண்டையில் கல். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஆகவே என்னை யாரும் நடத்தச் சொல்வதில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கவும் கூப்பிட்டதில்லை. பூ அலங்காரம், தரை கழுவுதல், கஞ்சி காய்ச்சுதல், இதற்கெல்லாம் பிலோமினா.

வீட்டுக்கு வந்து படத்துக்கு முன்னால் நின்று ஆண்டவரிடம் நேராகக் கேட்டேன். மனசுக்குள் எனக்குத் திக்காது. முப்பது வருஷமாக இதை எடுத்துவிடு, எடுத்துவிடு என்று கேட்கிறேன். எத்தனை உபவாசம். எத்தனை மெழுகுவர்த்தி. பதினாறு வயதில் முழங்காலாலேயே மலைமேல் மாதா கெபி வரைக்கும் போய்த் தோல் உரிந்தது. நீர் எடுக்கவில்லை. சரி. இனி கேட்கமாட்டேன். போதும். வேண்டுமானால் நீரே வைத்துக்கொள்ளும், அல்லது என்னிடமே இருக்கட்டும். ஆனால் ஒன்று. வார்த்தை வரும் வரை ஓடாமல் நிற்கக் கால் கொடும். அதையாவது கொடும்.

ஜெபமா சண்டையா தெரியவில்லை. ஆமென் சொன்னேன்.

டிசம்பர் 6, சனி

இன்றைக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சாயங்காலம் பாப்பாத்திக்கு "இருக்கேனுங்க" என்று குரல் வந்தது, குறித்துவிட்டேன். எடை போடும்போது பார்த்தால் பாப்பாத்தி இல்லை. மூன்று மணிக்கே போய்விட்டாளாம். பிள்ளைக்குக் காய்ச்சல். வேறு யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள்.

துரைசாமி அண்ணன் காலத்திலும் இது நடந்திருக்கும். அவர் வேகத்தில் யார் பார்த்தது? ஆனால் என்னிடம் நடப்பது வேறு. நான் முடிப்பதற்குள் பதில் வருகிறது. நான் திக்குவது அவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி. நானும் அவசரத்தில் அதைச் சாத்துவதில்லை. என் வெட்கம்தான் காரணம். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன்.

எடை முடிந்ததும் எல்லோரையும் நிற்கச் சொன்னேன். சொல்லி முடிக்கவே இரண்டு நிமிஷம். சாரம் இது:

நான் முழுப் பேரும் சொல்லி முடிக்கும் வரை யாரும் பதில் சொல்லக் கூடாது.
முடித்ததும் அந்த ஆள் மட்டும் முகத்தைக் காட்ட வேண்டும்.
முகம் பார்த்த பிறகுதான் குறிப்பேன்.

ராமாயி இடுப்பில் கை வைத்தாள். "அப்பறம் பஸ்சு போயிருமுங்க. உங்களுக்கென்னங்க, ஊட்டுக்காரரு ஜீப்பு வெச்சிருக்காரு. நாங்க நடக்கோணும்."

"ந... நடங்க" என்றேன்.

நான் அப்படிச் சொல்வேன் என்று அவள் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

"பேச வராதவங்களுக்கு இத்தன ஏத்தமா?" இதைத் திரும்பிப் போகும்போது சொன்னாள். காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

நேற்றும் இன்றும் அடைமழை இல்லை, பனி மட்டும். பத்தடிக்கு மேல் தெரியவில்லை.

மூன்று நாளாக முறைப்பு. யாரும் சிரிக்கவில்லை, அது ஒரு மாற்றம். ஆனால் நான் மாட்டிக்கொண்டு நிற்கும்போது ஐம்பத்து நான்கு பேரும் பெருமூச்சு விடுகிறார்கள். ஒருத்தி கொட்டாவி. ஒருத்தி வேண்டுமென்றே வெற்றிலையைச் சத்தமாக மெல்கிறாள். நின்றேன். முன்பெல்லாம் மாட்டினால் கண்ணை மூடிக்கொள்வேன், தலை தானாக ஆடும். இப்போது கண்ணைத் திறந்து அந்த ஆளையே பார்க்கிறேன். அவர்களுக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஒன்றும் சுலபமாகிவிடவில்லை. ப இன்னும் ப-தான். முதுகு முழுக்க வேர்வை, இந்தக் குளிரிலும்.

பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்றுதான் மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்தார்கள். பேசாமல் இருந்து நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது. இன்னும் யாருக்காக?

காலை 14 நிமிஷம். மே. வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "மேடம், பத்துக்குள்ள கொண்டு வாங்க. இல்லன்னா ஜனவரிலேர்ந்து ஸ்டோர்தான்."

வீட்டில் குழம்பில் உப்பில்லை என்றுகூட அந்தோணி சொல்லவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எஸ்டேட்டுக்கு லீவு விட்டுவிட்டார்கள். நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊரார் சொல்வதே எனக்கும் ஞாபகமாகிவிடும்.

நேற்று மதியத்துக்கு மேல் கெட்டியான பனி. மேல் தோட்டத்தில் பறிப்பு. மூன்றரை இருக்கும், காட்டெருமைக் கூட்டம் வந்துவிட்டது. கன்றோடு ஒன்று முட்ட வந்ததாம். கூடையையும் சாக்கையும் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். நான் கொட்டகையில் இருந்தேன். ஒருத்தி, இரண்டு பேர் என்று வந்து சேர்ந்தார்கள். செருப்பில்லாமல், முழங்கை சிராய்த்து, ஒருத்தி அழுதுகொண்டு.

நாலு மணிக்கு மே. ஜீப்பில் வந்தார். "எல்லாரும் வந்தாச்சா?"

"வந்துட்டோமுங்க!" பத்துக் குரல்.

"அப்ப கெளம்புங்க. எடை நாளைக்குப் பாத்துக்கலாம். மேடம், இன்னிக்குப் பேரெல்லாம் வேண்டாம். விட்டுருங்க."

நான் கொட்டகை வாசலில் குறுக்கே போய் நின்றேன். வெளியே ஜீப்புகள் காத்திருந்தன, அந்தோணியுடையதும். "கூ... கூ... கூப்பிடணும்" என்றேன்.

"மேடம், மாடு கீழ எறங்கி வந்தா யார் பொறுப்பு?"

"உசிரு போயி உசிரு வந்திருக்குதுங்க" என்று ராமாயி கத்தினாள். "இப்பப் போயிப் பள்ளிக்கூடம் நடத்தறீங்களா? கொஞ்சமாச்சும் இரக்கம் இருக்குதுங்களா உங்களுக்கு?"

எல்லோரும் கத்தினார்கள். எனக்கு உள்ளே கொதித்தது. கொதிக்கும்போது வாய் இன்னும் மோசமாகும். செக்ரோலைத் திறந்து முதல் பேரைக் கூப்பிட்டேன். கத்தலுக்கு நடுவே இரண்டாவது. மூன்றாவதுக்குள் அடங்கிவிட்டார்கள், நான் நகரமாட்டேன் என்று புரிந்துவிட்டது. முகம் காட்டினார்கள். குறித்தேன்.

முப்பத்தொன்று, பழனியம்மா.

உதடு ஒட்டிக்கொண்டது. ப். பின்னால் இருட்டு மூலையிலிருந்து, "இருக்கேனுங்க! அடுத்ததக் கூப்புடுங்க!"

உண்மையை எழுதுகிறேன். பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது. குறித்துவிடு, அடுத்தது சுலபமான பேர் என்று ஒரு குரல். யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. மே.கூட வேண்டாம் என்கிறார். நான் வகுத்த விதியை நானே மீறினால் கேட்பதற்கு ஆளே இல்லை.

நின்றேன். கால் கொடும் என்று கேட்டது அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததா என்றால், இல்லை. வெறும் கோபத்தில் நின்றேன். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

எவ்வளவு நேரமோ. பிறகு வந்தது. "பழனியம்மா."

யாரும் முன்னால் வரவில்லை.

"மூ... மூஞ்சி காட்டுங்க."

இல்லை.

"ஜீப்புல ஏறிக் குந்தியிருப்பா" என்றாள் ராமாயி. குரலிலேயே சுருதி இறங்கிவிட்டது. அந்தோணி ஒவ்வொரு ஜீப்பாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார். அப்போதுதான் ராமாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பழனியம்மா அவளுடைய நாத்தனார். முழங்கால் வலிக்காரி, எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேருவாள். அதனால் முன்பெல்லாம் அவளுக்கும் சேர்த்து ராமாயிதான் குரல் கொடுப்பாளாம். நேற்றும் அவள்தான். பின்னாலேயே வந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தாளாம்.

மேஸ்திரி, அந்தோணி, இன்னும் நாலு ஆண்கள், தகரத்தைத் தட்டிக்கொண்டு மேலே போனார்கள், மாடு விலகட்டும் என்று. "பழனியம்மோவ்! பழனியம்மோவ்!" மே. என்னைப் போக வேண்டாம் என்றார். போனேன். ராமாயி என் பின்னால். நாங்கள் கீழ்ப் பாதை, ஓடைப் பக்கம்.

பனியில் சில்வர் ஓக் மரங்கள் மட்டும் ஆள் மாதிரி நின்றன. மேலே தகரச் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது. ஓடை வளைவில் நின்று நான் கூப்பிட வாயெடுத்தேன். ப். மறுபடி பூட்டு. ராமாயி வாய் திறக்கவில்லை. அவளும் என்னோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள், முதல் தடவையாக.

அந்த மௌனத்தில்தான் கேட்டது. ஆட்டுக்குட்டி முனகுகிற மாதிரி. கீழே, புதருக்குள்.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தால் ஓடைச் சரிவில் இரண்டு ஆள் ஆழத்தில் பழனியம்மா. இடது கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. ராமாயி சறுக்கிக்கொண்டே இறங்கி அவளைக் கட்டிக்கொண்டாள். உடம்பு ஜில்லென்று இருந்ததாம்.

"கூப்புட்டுக்கிட்டேதான் இருந்தேனுங்க" என்றாள் பழனியம்மா, பல் தந்தியடிக்க. "தகரத்துச் சத்தத்துல எங்கொரலு எனக்கே கேக்கல."

சாக்கைக் கம்பில் கட்டித் தூக்கிவந்தார்கள். அந்தோணி ஜீப்பில் பின் சீட்டில் கிடத்தி, நானும் ராமாயியும் பிடித்துக்கொள்ள, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் அலற, அடிவாரம், சேலம் பெரிய ஆஸ்பத்திரி. தொடை எலும்பு முறிவு. இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் குளிரில் கிடந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றார் டாக்டர்.

வழியில் அந்தோணியிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "நா... நா..." அவர் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டார். ரோட்டைப் பார்த்து ஓட்டினார். ஒரு முழு வளைவு தாண்டும் வரைக்கும் காத்திருந்தார். "நான் ஸ்டோருக்குப் போகமாட்டேன்" என்று சொல்லி முடித்தேன்.

"சரி பிலோ" என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 12, வெள்ளி

கால் வலி. முதுகு வலி. மே. காலையில் எல்லார் முன்னாலும் கைகொடுத்தார். அவர் கை வேர்த்திருந்தது.

மதியம் ராமாயி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். ஒரு பை ஆரஞ்சு. மன்னிப்பு கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, "உங்க மேல எனக்கு இன்னும் கோவந்தானுங்க" என்றாள். "அன்னைக்கு நடங்கன்னீங்களே, அது மறக்காது. ஆனாலுங்க, எங்கொரலு அவளக் கொன்னிருக்கும். உங்க... அது..." என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். வார்த்தை கிடைக்கவில்லை.

நான் எடுத்துக்கொடுக்கவில்லை. காத்திருந்தேன். திக்குகிற ஆள் நான் மட்டும் இல்லை போல.

"உங்க திக்குனால அவ பொழச்சா" என்றாள் கடைசியில்.

"எ... எனக்கும் உங்க மேல கோவந்தான்" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றாள். ஆரஞ்சை வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்றுதான் எனக்கு வந்த கோபத்திலேயே பெரிய கோபம்.

பூசையில் ஃபாதர் பிரசங்கம். பலவீனத்தை ஆண்டவர் எப்படிப் பலமாக்குகிறார் என்று ஆரம்பித்தார். "நம்ம பங்கிலேயே ஒரு சகோதரி. பாவம், பேச வராது. ஆனால் இறைவன் அந்த ஊமை நாவைக் கொண்டே ஓர் அற்புதம்..." எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. முன் பெஞ்சில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊமை நாவாம். பாவமாம்.

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னாலிருக்கும் சக்றீஸ்து அறைக்குப் போனேன். அவர் அங்கி கழற்றிக்கொண்டிருந்தார். நல்லவர்தான், வயது முப்பத்தைந்துகூட இருக்காது.

"வாங்கம்மா, சந்தோஷமா?" என்றார்.

நான் பேச ஆரம்பித்தேன். ஐந்து வாக்கியம். ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும். நடுவில் அவர் "புரியுதும்மா, புரியுது" என்றார். "இ... இருங்க" என்றேன். இருந்தார். நான் சொன்னது:

நான் ஊமை இல்லை. என்னைப் பற்றிப் பேசும் முன்னால் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஆண்டவர் என் நாக்கை ஒன்றும் செய்யவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. அவர் செய்தது வேறு, அது எனக்கும் அவருக்கும் நடுவில். இந்தக் கோயிலில் இருபது வருஷம் தரை கழுவியிருக்கிறேன், ஒரு தடவைகூட வாசிக்கக் கூப்பிடவில்லையே, அதற்கு யார் பலவீனம் காரணம்?

அழவில்லை.

அவர் முகம் சிவந்துவிட்டது. அங்கியை மடித்து வைத்தார். பிறகு, "தப்புதாம்மா. மன்னிச்சுக்கோங்க. ஜனவரி முதல் ஞாயிறு முதல் வாசகம் வாசிக்கறீங்களா? கேக்கறேன், கட்டாயமில்ல."

"யோ... யோசிச்சு சொல்றேன்" என்றேன். அவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

வாசகம் எது என்று வீட்டுக்கு வந்ததும் புரட்டிப் பார்த்தேன். ஒரே ப, த. கடவுளுக்கு நகைச்சுவை ஜாஸ்தி.

டிசம்பர் 15, திங்கள்

வெயில்! பாய், கம்பளி, தலையணை எல்லாம் வெளியே.

ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எல்லா டிவிஷன் ரைட்டர்களும் இனி முழுப் பேர் சொல்லி, முகம் பார்த்துத்தான் வருகை குறிக்க வேண்டுமாம். கீழே மே. கையெழுத்து. "நம்ம புது சிஸ்டம் எப்படி மேடம்?" என்று என்னிடமே கேட்டார். நம்ம. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்டோர் பேச்சை எடுக்கவில்லை. ரைட்டர் ஆர்டர் டைப் ஆகிறதாம்.

கொட்டகைச் சாவி இனி என்னிடம். பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும்.

டிசம்பர் 17, புதன்

காலையில் லேசான பனி, எட்டு மணிக்குக் கலைந்துவிட்டது.

பேர் கூப்பிடும் முன் மே. வந்தார். "மேடம், பழனியம்மா மூணு மாசத்துக்கு வரமாட்டாங்க. லிஸ்ட்லேர்ந்து அடிச்சிருங்க. உங்களுக்கும் கஷ்டமான பேரு. ஒரு நிமிஷம் மிச்சம்."

அடிக்கவில்லை.

முப்பதாவது முகம் பார்த்து முடித்தேன். முப்பத்தொன்றில் உதடு ஒட்டியது. வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது. யாரும் பெருமூச்சு விடவில்லை, மே. கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தது, பார்க்கட்டும். ப். ப். விட்டுவிடலாமா என்று இன்றைக்கும் தோன்றியது. நின்றேன்.

"பழனியம்மா."

ராமாயி ஒரு அடி முன்னால் வந்து முகத்தைக் காட்டினாள். "அவ ஆசுபத்திரில இருக்குறாளுங்க. நேத்து எந்திரிச்சுக் குந்துனா."

வரவில்லை என்று குறித்தேன்.

"முத்துலட்சுமி."